யாருடைய நேரம்?

வடக்கிலும் கிழக்கிலும் எமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் புகுவது இலேசான காரியமன்று. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே அங்கு இடமுண்டு. 1970களில் தரப்படுத்தல் வந்தபோது அவ்விடங்களுக்காக எமது சமூகம் எவ்வளவு குமுறியது என்பதை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இரவு பகலாய்த் தண்ணீர் இறைத்த தந்தையர், பிள்ளையை அங்கு கொண்டுபோய்ச் சேர்ப்பதையே தம் உழைப்பின் பயனாகக் கருதினர். அவ்வாறு பெற்ற இடத்தில் அமர்ந்திருக்கும் மாணவர், விரிவுரை நடக்கும்போதே மேசைக்குக் கீழே கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கின்றனர் என்று கேள்விப்படுகையில் எமக்கு ஏற்படும் வேதனை சிறிதன்று.

ஆயினும் மாணவரை மட்டும் வைது தீர்ப்பது நியாயமாகாது. முகநூல் 2004ஆம் ஆண்டிற் பிறந்ததே ஒரு பல்கலைக்கழக விடுதியில்தான். ஹார்வர்ட் மாணவரே அதன் முதற் பாவனையாளர். பின்னர் அது அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பரவிற்று. அது முந்தி வந்த கல்லூரிகளையும் பிந்தி வந்த கல்லூரிகளையும் ஒப்புநோக்கி மூன்று பொருளியலாளர் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முகநூல் வந்த இடங்களில் மாணவரின் மனநலம் குன்றியதென்றும், அதனால் தம் படிப்புப் பாதிப்புற்றதாகக் கூறியோர் தொகை கூடியதென்றும் அது காட்டுகிறது. அந்நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷோன் பார்க்கரே, மக்களின் நேரத்தையும் கவனத்தையும் இயன்றவரை கவர்ந்துகொள்வது எப்படி என்பதே தம்மவரின் சிந்தனையாயிருந்ததென 2017இல் ஒப்புக்கொண்டார். மாணவர் இழக்கும் மணித்தியாலம் விளம்பரகாரருக்கு விற்கப்படுகிறது. இருபது வயதினரின் மனவுறுதி ஒருபுறம். ஆயிரக்கணக்கான பொறியியலாளரின் மூளை மறுபுறம். இது சமமான போட்டியா?

தடை செய்துவிட்டாலென்ன என்று கேட்போருமுளர். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரிலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்பும், 2022 ஏப்ரிலில் மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் கொழும்பு அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தது. முடக்கும் அதிகாரத்தை அரசாங்கத்தின் கையிற் கொடுப்பதன் பொருள் எமக்குத் தெரியாததன்று. அன்றியும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உடன்பிறந்தோர் வாழும் வீடுகளில் அக்கருவியே உறவைக் கட்டிவைத்திருக்கிறது.

பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்க வேண்டியது வேறொன்றுண்டு. 2020இல் கொரோனா பரவி விரிவுரைகள் இணையவழிக்கு மாறியபோது, கைத்தொலைபேசியின்றிப் படிப்பில்லை என்ற நிலை தோன்றிற்று. அன்று அது தவிர்க்க முடியாதது. விரிவுரை மண்டபங்கள் திறந்து ஆண்டுகள் சென்ற பின்பும், நேரமாற்றம், ஒப்படை, பரீட்சை அறிவித்தல் முதலியன வாட்ஸ்அப் குழுக்களின் வழியே வருவது ஏன்? இரவு பத்து மணிக்கு வரும் அறிவித்தலைத் தவறவிடுவோமோ என்று அஞ்சுகின்ற மாணவி அதை எப்படி அணைத்து வைப்பாள்? அறிவித்தலைப் பார்க்கத் திறந்தவள், அரைமணி கழித்து வேறெங்கோ இருந்து மீள்கிறாள். விட்டுவிடு என்று புத்தி கூறும் ஆசிரியரே அதைக் கையில் திணிக்கும் விநோதம் இது!

அறிவித்தல்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்திலும் அறிவித்தற் பலகையிலும் மாலை ஐந்து மணிக்கு முன் வெளியிடப்படல் வேண்டும். அதன் பின் வருபவை மாணவரைக் கட்டுப்படுத்தலாகாது. விரிவுரையாளர் தாமும் மண்டபத்திற் கைத்தொலைபேசியை எடாதிருத்தல் வேண்டும். நூலகம் இரவில் நெடுநேரம் திறந்திருக்கட்டும். நூலகத்துக்கு மேலதிகச் சம்பளம் தேவைப்படலாம். ஏனையவற்றுக்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் மூதவைகள் அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதை ஆராய முன்வருமா?