வேலை கிடைக்குது, நிலைக்க மாட்டேங்குதே!



சென்ற இதழில் பிள்ளைகளின் பரீட்சை பயத்தைப் பற்றிப் பேசினோம் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு தாய் எழுதியிருக்கிறார்.

"என் பையனுக்குப் பரீட்சையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எப்பவும் முதல் மார்க்தான். இப்போ 27 வயசாகுது. மூணு வருஷத்துல மூணு வேலை போயிடுச்சு. வேலையில குறை இல்லையாம், 'யாரோடயும் ஒத்துப்போக மாட்டேங்கிறான்'னு அனுப்பிடறாங்க. டாக்டர் ஆஸ்பெர்ஜர்னு சொல்றார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேன்னு வீட்டுல பேசறாங்க. ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. நான் என்னதான் செய்யட்டும்?"

முதலில் அந்தச் செல்லம் விஷயத்தை முடித்துவிடலாம். இது செல்லத்தாலும் வருவதில்லை, கண்டிப்பாலும் வருவதில்லை. பிறவியிலேயே மூளையின் அமைப்பு சற்று வேறு மாதிரி இருப்பதுதான் காரணம். பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஒரு காலத்தில் மேல்நாட்டு நிபுணர்கள் சிலரே, 'தாயிடம் பாசம் போதாததால்தான் குழந்தைக்கு ஆட்டிசம் வருகிறது' என்று எழுதி எத்தனையோ தாய்மார்களை அழ வைத்தார்கள். அது தப்பு என்று தள்ளி வெகு காலம் ஆகிறது. ஆகையால், தாயே, அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள்.

ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்பவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர். இப்படிப்பட்ட சிறுவர்களைப் பற்றி 1944-ல் எழுதினார். 1981-ல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர்தான் இதற்கு ஆஸ்பெர்ஜர் என்ற பெயரைப் பரப்பினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணைப் பெற்றவர்தான். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதைத் தனியாகப் பிரிக்காமல் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்பதற்குள் சேர்த்துவிட்டது. பேச்சு வழக்கில் மட்டும் பழைய பெயர் இன்னும் ஓடுகிறது.

பேச்சும் படிப்பும் நன்றாகவே இருக்கும். பிடித்த விஷயத்தில் மணிக்கணக்காக மூழ்கிவிடுவார்கள். ஆனால் ஜாடை, குரலின் ஏற்ற இறக்கம், சொல்லாமல் சொல்வது, இதெல்லாம் நமக்குத் தானாகப் புரிகிற மாதிரி அவர்களுக்குப் புரியாது.

நம் சமையல் குறிப்புகளையே பாருங்களேன். 'உப்பு தேவையான அளவு' என்று போட்டிருக்கும். பழகிய கைக்கு அது போதும். முதன்முதலாக அடுப்பங்கரைக்குள் வருகிற பெண்ணோ, "தேவையான அளவுன்னா எவ்வளவு?" என்று கரண்டியும் கையுமாக நிற்பாள். ஆபீஸ் பேச்சு முழுக்க இந்தத் 'தேவையான அளவு'தான்!

"நேரம் கிடைச்சா இதைக் கொஞ்சம் பாருப்பா" என்கிறார் மானேஜர். 'இன்றே முடி' என்று அதற்கு அர்த்தம். இவனுக்கோ நேரம் கிடைக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. பத்துப் பேர் நடுவில், "சார், நீங்க போட்ட கணக்கு தப்பு" என்று சொல்லிவிடுகிறான். கணக்கு தப்புதான். ஆனால் மானேஜருக்கு மானம் போய்விட்டது. கண்ணைப் பார்த்துப் பேசாததால், இன்டர்வியூவில் 'எதையோ மறைக்கிறான்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கு வெளிச்சம், நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல், சொல்லாமல் மேஜையை மாற்றுவது, இதெல்லாம் பலரைப் படாதபாடு படுத்தும். நாள் முழுக்க மற்றவர்களைப் போல் நடந்துகொள்ளப் பாடுபட்டுவிட்டு, சாயங்காலம் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறானா? கோபம் என்று நினைக்காதீர்கள். களைப்பு, அவ்வளவுதான்.

டென்மார்க்கில் டோர்கில் சோன்ன என்றொருவர். தொலைபேசித் துறையில் நல்ல உத்தியோகம். அவருடைய மகனுக்குச் சிறு வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது. 'நாளைக்கு இவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?' என்ற கவலைதான் அவருக்கும். கவலையோடு நிற்காமல், வீட்டை அடமானம் வைத்து, 2004-ல் ஒரு கம்பெனி தொடங்கினார். ஆட்டிசம் உள்ளவர்களையே வேலைக்கு எடுத்தார். மற்றவர்கள் சலித்துப்போகிற இடத்தில் சலிக்காமல் தப்புக் கண்டுபிடிப்பவர்கள் ஆயிற்றே! கம்ப்யூட்டர் மென்பொருளைச் சோதிக்கிற வேலை அவர்களுக்குப் பொருந்தியது. வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர் யார் என்று பார்க்கிற இன்டர்வியூவும் இல்லை. லெகோ பொம்மைத் துண்டுகளைக் கொடுத்து ரோபோ செய்யச் சொல்லித் திறமையைப் பார்த்தார். கம்பெனியின் சின்னம் டேன்டலியன் பூ. நம்ம ஊர்க் குப்பைமேனி மாதிரி, வேண்டாதவர்களுக்குக் களை, அருமை தெரிந்தவர்களுக்கு மருந்து. 2013-ல் எஸ்.ஏ.பி. என்ற பெரிய மென்பொருள் கம்பெனியும் அவரோடு கைகோத்து இப்படிப்பட்டவர்களை வேலைக்கு எடுக்க முன்வந்தது. பெங்களூர்க் கிளையும் அதில் ஆரம்பத்திலேயே சேர்ந்திருந்தது.

சரி, வீட்டில் இருந்தபடி நாம் என்ன செய்யலாம்?

* வேலையை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். "எது முதலில்? எந்தத் தேதிக்குள்?" என்ற இரண்டு கேள்விகள் பாதித் தொல்லையைக் குறைக்கும்.

* எழுதப்படாத விதிகளைச் சமையல் குறிப்பு மாதிரி அளவோடு சொல்லிக் கொடுங்கள். 'பெரியவர்களிடம் பார்த்துப் பேசு' என்றால் பயனில்லை. 'மானேஜர் தப்புச் செய்தால், அவர் தனியாக இருக்கும்போது சொல்' என்றால் புரியும்.

* 'கண்ணைப் பார்த்துப் பேசு' என்று வற்புறுத்தாதீர்கள். பலருக்கு அது வேதனை. "கவனமாத்தான் கேக்கறேன் சார்" என்று வாயால் சொல்லப் பழகினால் போதும்.

* நாள் பூராவும் புதுப்புது ஆட்களோடு பேசுகிற வேலையைவிட, முறையும் ஒழுங்கும் உள்ள வேலை பலருக்கு ஒத்துவரும். ஆனாலும் பிள்ளைக்கு எதில் மனம் லயிக்கிறதோ, அதுதான் முதல்.

* ஆபீஸில் இதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். 27 வயதுப் பிள்ளையின் மானேஜருக்கு அம்மா போன் செய்வது நன்றாக இருக்காது.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும்.

கல்யாணம்? மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கல்யாணம் மருந்தல்ல. இப்படிப்பட்டவர்கள் நல்ல கணவனாக, நல்ல தகப்பனாக வாழ்வதும் உண்டு. அதற்கு அவனுக்கு விருப்பம் இருக்க வேண்டும். வருகிற பெண்ணிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். மறைத்துக் கட்டிவைத்தால், மூணு வேலை போன வலியைவிடப் பெரிய வலி இரண்டு பேருக்கும்.

இன்னொன்று. இது ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல. பெண்கள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளித்துவிடுவதால், பலருக்கு நடுவயதில்தான் தெரியவருகிறது. படிக்கும்போது, 'அட, இது நான்தானோ!' என்று யாருக்காவது தோன்றினால் பயப்பட வேண்டாம். நீங்களே முடிவு கட்டாமல், மனநல மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கடிதம் எழுதிய தாய்க்கு ஒரு வார்த்தை. நான்காவது வேலைக்கு அவன் கிளம்பும் முன், போன மூன்றிலும் என்ன நடந்தது என்று அவனோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை அவன். உள்ளதை உள்ளபடி சொல்வான்.

அடுத்த இதழில் தூக்கம் வராத இளம் தாய்மார்களைப் பற்றிப் பேசுவோம். எழுதுங்கள்.