ரெய்டு இருக்கே, அப்புறம் என்ன பயம்?

சின்ன நிறுவனம் ஒன்று சர்வர் வாங்கும்போது நடக்கும் பேரம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நாலு ஹார்டு டிஸ்க், ரெய்டு 5, மூன்று டிஸ்க் அளவுக்கு இடம். "ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது சார்" என்று விற்பவர் சொல்ல, முதலாளி முகம் மலர்கிறது. பேக்கப்புக்கு என்று தனியாகப் போட்டிருந்த தொகை கொட்டேஷனிலிருந்து அந்த நிமிடமே அடிபடுகிறது. (ரெய்டு என்றதும் வருமான வரித்துறை ஞாபகம் வந்தால் தப்பில்லை. இந்த ரெய்டும் முதலாளிகளை அழ வைக்கக்கூடியதுதான்.)

1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் இந்தப் பெயரில் கட்டுரை எழுதியபோது சொன்னது இதுதான்: மலிவான சிறு டிஸ்குகளைச் சேர்த்துப் பெரிய டிஸ்கின் வேலையை வாங்கலாம், ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும்படி செய்யலாம். வாக்கு அவ்வளவுதான். யாரோ கை தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டு அந்த அழிப்பையும் விசுவாசமாக எல்லா டிஸ்கிலும் எழுதி முடிக்கும். ரான்சம்வேர் பூட்டினாலும் அப்படியே.

சரி, கொடுத்த வாக்கையாவது ரெய்டு 5 காப்பாற்றுமா? 4 டெராபைட் டிஸ்க் நாலு இருக்கிறது, ஒன்று போய்விட்டது என்று வையுங்கள். புதியதை நிரப்ப மிச்சம் மூன்றையும் முழுசாக, அதாவது 12 டெராபைட்டையும், படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்குகள் பலவற்றின் விவரத்தாளிலேயே, சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஓரிடம் படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். நிஜத்தில் பல டிஸ்குகள் இதைவிட ஒழுங்காகவே நடந்துகொள்ளும். ஆனால் கணக்குப் புத்தகத்தை அந்த 'பல'வை நம்பியா வைப்பது? நொடிக்கு 150 மெகாபைட் என்றாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவே பில்லிங்கும் ஓடினால் இன்னும் இழுக்கும். அதுவரை அடுத்த டிஸ்க் போகக் கூடாது.

போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? நாலும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் அறிவிப்பு விட்டது: அவர்களுடைய சில எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒன்றாகப் பூட்டியவை ஒன்றாகவே போகும். ஃபர்ம்வேரை மாற்றாதவர்களுக்கு எந்த ரெய்டு என்ன செய்யும்?

"வேறு மெஷினில் காப்பி இருக்கு" என்பார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் நடந்ததைப் படிக்கட்டும். காப்பி மெஷினில் அழிக்க நினைத்ததை ஓர் இன்ஜினியர் அசல் டேட்டாபேஸில் அழித்தார். சுமார் 300 ஜிபி போயிற்று. தினமும் எடுப்பதாக நம்பிய பேக்கப்போ, வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயிலும் போய்ச் சேரவில்லை. யாரோ சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் மானத்தைக் காத்தது.

கணக்கு டேட்டாபேஸ் என்றால் வேகத்திலும் ரெய்டு 5 அடி வாங்கும். ஒரு சின்னப் பதிவை எழுத நாலு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, பிறகு இரண்டையும் புதிதாக எழுது. அதே நாலு டிஸ்கை ஜோடி ஜோடியாக ரெய்டு 10-ல் போட்டால் இரண்டு எழுத்தோடு முடியும். ஒன்று செத்தால் அதன் ஜோடியை மட்டும் படித்தால் போதும். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தனியாக இரண்டு சின்ன டிஸ்க், மிரர் செய்து. பேக்கப் வேறு பெட்டியில், ஒரு பிரதி கட்டடத்துக்கே வெளியே. மாதம் ஒருமுறை அதிலிருந்து எதையாவது மீட்டுப் பார்க்க ஓர் ஆள்.

இதில் முதலாளிக்கு இடத்தில் நஷ்டம், 12-க்குப் பதில் 8 டெராபைட். கொட்டேஷனில் அடிபடுவது அந்த நாலுக்காகத்தான்.