துப்பாக்கியிலா மானம்?

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி சேர்வராயன் மலையடிவாரத்து ஊராகும். இந்த ஜில்லாவின் மலைப் பிரதேசங்களில், லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று போலீசார் பல தடவை அறிவித்திருக்கின்றார்கள். இதை நாம் மனப்பூர்வமாய் ஆதரிக்கின்றோம். ஆனால், "பாட்டன் வைத்திருந்த துப்பாக்கி, கொடுப்பது மானக்கேடு" என்று சொல்லுவோரும் இருக்கின்றார்கள்.

மானம் எங்கே இருக்கின்றது? கரிமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்த ஒரு இரும்புக் குழாயிலா? அது பின்வாங்கி வெடித்தால் சுட்டவன் கை போகும். இருட்டில் பன்றி என்று சுட்டால் பக்கத்துக் காட்டுக்காரன் சாவான். பங்காளிச் சண்டையில் கம்பெடுத்தால் மண்டை உடையும், கட்டுப்போட்டு ஆற்றலாம். துப்பாக்கி எடுத்தாலோ ஒருவனுக்குச் சுடுகாடு, மற்றவனுக்கு ஜெயில், இரண்டு குடும்பத்துக்கும் பட்டினி!

நிற்க. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தபோது வெள்ளைக்காரருக்கு விலக்குக் கொடுக்கப்பட்டது. அதன் அக்கிரமம் ஆயுதத்தைக் கட்டுப்படுத்தியதில் அல்ல, பிறப்பைப் பார்த்து வித்தியாசம் செய்ததிலேயே இருக்கின்றது. வெள்ளைக்காரன் போய் 1959-ல் புதுச் சட்டம் வந்த பிறகாவது அது ஒழிந்ததா? குடகு இனத்தாருக்கும் ஜம்மா நிலக்காரருக்கும் 1963-ல் கொடுத்த விலக்கை, 2019-ல் மறுபடியும் 2029 வரை நீட்டியிருக்கின்றார்கள். பிறப்பைப் பார்த்துப் பூணூல், பிறப்பைப் பார்த்துத் துப்பாக்கி!

துப்பாக்கி ஏழையைக் காப்பாற்றும் என்பதும் புரட்டேயாகும். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணிக்குத் துப்பாக்கியோடு வந்தது கூலிக்காரனா? மிராசுதாரர் கூட்டமே அல்லவா? 44 பேர் குடிசைக்குள் வெந்து மாண்டார்கள். மிராசுதாரரோ ஐகோர்ட்டில் விடுதலையானார். ஆயுதம் பெருகப் பெருக அது பணக்காரன் பக்கமே பேசும்.

இந்தப் பைத்தியத்துக்கு வேர் மதமேயாகும். ஒரு சாமி கையில் சூலம், ஒரு சாமி கையில் வேல், ஒரு சாமி கையில் வில். வருஷத்துக்கு ஒருநாள் கொலைக் கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகின்றவன் அதை எப்படிக் கீழே வைப்பான்? அந்தச் சாமிகளின் நகையைக் காக்கவே துப்பாக்கிப் போலீசு வேண்டியிருக்கின்றது என்பதை அவன் யோசிப்பதே இல்லை.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2019-ம் வருஷத் திருத்தம், ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது; கள்ளத்தனமாய்ச் செய்வோருக்கும் கடத்துவோருக்கும் ஆயுள் தண்டனை வரை விதித்தது. நல்லதுதான். ஆனால் மலையில் இருக்கும் ஏழையை மாத்திரம் பிடித்துவிட்டு, குழாய் செய்துகொடுத்த பட்டறைக்காரனையும், மருந்து விற்ற வியாபாரியையும், கௌரவத்துக்காக இடுப்பில் செருகித் திரியும் பெரிய மனிதனையும் விட்டுவிட்டால் பிரயோஜனம் என்ன? மரவள்ளியைப் பன்றி அழித்தால் நஷ்டஈட்டை இழுத்தடிக்காமல் கொடுங்கள். அப்போது குடியானவன் துப்பாக்கியைத் தேடமாட்டான்.

ஆகவே தோழர்களே! பரணில் ஒளித்து வைத்திருக்கும் குழாயை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பிறகு நிமிர்ந்து நின்று, "நான் கொடுத்துவிட்டேன், மிராசுதாரர் எப்போது கொடுப்பார்?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் துணிவுக்குப் பெயர்தான் மானம்.