பொய்ப் பெட்டியா, புதுப் பெட்டியா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பேஸ் கிடார் வாசிக்கும் என் போன்றவர்கள் இப்பழமொழியைச் சற்றே மாற்றி, வாசிக்கத் தெரியாதவள் ஆம்ப்ளிபயர் சரியில்லை என்றாளாம் என்று சொல்லிக்கொள்ளலாம். சென்ற ஆண்டு விழா ஒத்திகையில் நானும் அப்படிச் சொன்னவள்தான். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

அன்புத் தோழியரே, கிடார் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது ஆறு தந்திக் கிடார். எங்களுடையது நான்கு தந்தி. அதன் தடித்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை மட்டுமே அதிர்கிறது; ஆகவே அது காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்குக் கேட்பதே அதிகம். மேடையில் எங்களை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இளையராஜா இசையமைத்த 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படப் பாடல்களையோ, 1986-ல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டையோ ஒரு முறை கீழ்ஸ்தாயியில் மட்டும் கவனம் வைத்துக் கேளுங்கள். பாடலின் அடியில் இன்னொரு பாடல் தன் போக்கில் நடந்துகொண்டிருக்கும். அதுதான் பேஸ்.

இக்கருவியின் நாதத்தைப் பாதி உருவாக்குவது அதனோடு இணைக்கும் ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கர் பெட்டியும். 1969-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்பது இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது: 14 வால்வுகள், 300 வாட் சக்தி, பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடங்கிய பெட்டி. வால்வுகள் இருக்கும் மேல்பெட்டி மட்டுமே 30 கிலோவைத் தாண்டும். அதைப் பல்லாவரம் ரயில் நிலையத்தின் படிகளில் ஏற்றி இறக்குவதை எண்ணிப் பாருங்கள்!

அந்தப் பெட்டி செய்யும் வேலையைக் கணக்காகச் செய்து காட்டுவதுதான் ஆம்ப் மாடலர். தந்தியிலிருந்து வரும் மின் அலையை அது வினாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. இவ்வளவு பலத்தோடு வந்தால் வால்வு எப்படித் திணறும், ஸ்பீக்கர் எதை விழுங்கி எதை வெளியே விடும் என்பதையெல்லாம் கணக்கிட்டு மீண்டும் ஒலியாக்குகிறது. இதற்கு ஆகும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் சில பங்குகளே. ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி நம்மை எட்ட ஆயிரத்தில் மூன்று பங்கு வினாடி ஆகிவிடுகிறது. எனவே தாமதம் என்று குறை சொல்பவர்கள் கொஞ்சம் கிட்டே வந்து நின்றால் போதும். 1998-ல் லைன் 6 நிறுவனம் பாட் என்னும் சிறிய சிவப்புப் பெட்டியை வெளியிட்ட பிறகு இது சாதாரண மனிதர் வாங்கும் பொருளாயிற்று. இப்போது ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் கட்டணமின்றியே கிடைக்கிறது. வீட்டில் ஒரு கணினியும் கிடாரை அதனோடு இணைக்கும் சிறு கருவியும் இருந்தால் போதும்.

"அது பொய்ச் சத்தம்" என்று சொல்வோர் உண்டு. எனக்கு இசை கற்றுத்தரும் மாஸ்டரும் அந்தக் கட்சிதான். அவரோடு நான் உடன்படவில்லை. ஜேம்ஸ் ஜேமர்சன் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனத்துக்காக வாசித்தபோது, ஆம்ப்ளிபயர் இல்லாமல் நேரே ஒலிப்பதிவு மேசையில் கிடாரை இணைத்துத்தான் பதிவு செய்தார்கள். அவர் தந்தியைக்கூட எளிதில் மாற்றமாட்டார். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டுவார். அது பொய்யா? மின்சார பேஸ் கிடாரே 1951-ல் ஃபெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பண்டம்தான். அதற்கு முன் ஆளுயர டபிள் பேஸை நிறுத்தி வாசித்தவர்களில் எத்தனை பேர் இதைப் பொய் என்றார்களோ!

ஆயினும் நான் மாடலரை ஆதரிப்பதற்கு உண்மையான காரணம் வேறு. எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று, பொதுச்சுவர். தலைக்கு மேலே விமானம் போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. நான் இரவு எட்டு மணிக்கு ஆம்ப்ளிபயரைப் போட்டால் மட்டும், "ஏம்மா, பாத்திரமெல்லாம் அதிருது, கொஞ்சம் பாத்து வாசியேன்" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார். அவர் சொல்வது நியாயமே. கீழ்ஸ்தாயி ஒலி சுவரை மதிக்காது. அண்ணன்மார்கள் என்றால் ஒத்திகை அறைக்குப் போய் இரவு பத்து மணிவரை வாசித்துவிட்டு வருவார்கள். நம்மை அனுப்புவார்களா? பாடமெல்லாம் முடித்த பிறகு, சமையலறையை ஒட்டிய மூலையில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வாசிக்கும் அந்த முக்கால் மணி நேரத்தைத் தந்தது இந்தப் பெட்டிதான். பொய்யோ மெய்யோ, அது இல்லாவிட்டால் நான் வாசிப்பதை நிறுத்தியிருப்பேன்.

இனி என் கதை. வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டு, பூமியே நடுங்குவதுபோல் ஓர் ஒலியை அமைத்து வைத்திருந்தேன். கீழ்ப்பகுதியை ஏற்றி, நடுப்பகுதியைக் குடைந்து எடுத்து, மேற்பகுதியைப் பளபளக்க வைத்தது. ஒத்திகைக்கு வாடகைக்கு வந்திருந்த பேஸ் ஆம்ப்ளிபயரில் மாடலரை இணைத்தேன். கம்பளியில் சுற்றிய ரேடியோ போல் கேட்டது. பாடும் தோழியர் சுருதியைப் பிடிக்க முடியாமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "வாடகைக்கு வந்தது ஓட்டைப் பெட்டி, மிஸ்" என்று நான் கூசாமல் சொன்னேன்.

பெட்டியில் ஓட்டை இல்லை. மாடலருக்குள் ஸ்பீக்கர் பெட்டியின் நகல் ஒன்று உண்டு. ஹெட்ஃபோனுக்கோ மண்டபத்து ஒலிபெருக்கிக்கோ அனுப்பும்போது அது வேண்டும். உண்மையான பேஸ் ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது அதை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கரை வைத்து வாசித்ததாக ஆகும். நான் அணைக்கவில்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. தனியாக வாசிக்கும்போது அழகாகக் கேட்பது, குழுவோடு சேர்ந்தால் அப்படிக் கேட்காது. நான் குடைந்து எடுத்த நடுப்பகுதியில்தான், அதாவது வினாடிக்கு 700 முதல் 1000 அதிர்வுகள் வரையிலான இடத்தில்தான், விரல் தந்தியைத் தொடும் தெளிவு இருக்கிறது. 200, 300 அருகில் கீபோர்டும் ஆண் குரல்களும் கூடிக் கும்மாளமிடுகின்றன. அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். 35-க்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டால் நஷ்டமில்லை. மண்டபம் உறுமுவது நிற்கும்.

இன்னொரு விந்தையையும் கண்டேன். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரால் 41 அதிர்வுகளை எழுப்பவே முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 ஆகியவை கேட்டால் போதும்; இல்லாத 41-ஐ நம் மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. வால்வு சற்றே திணறும்போது பிறப்பவை இம்மடங்குகள்தாம். எனவே பேஸுக்குச் சிறிது கரகரப்பு சேர்ப்பது முரட்டுத்தனத்துக்காக மட்டுமன்று, சின்ன ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும் என்பதற்காகவும்தான். அதிகம் சேர்த்தால் அடிநாதம் மெலிந்துபோகும். அதனால் கரகரப்பை ஒரு பக்கமும் தூய ஒலியை ஒரு பக்கமும் ஓடவிட்டுக் கடைசியில் கலக்க வேண்டும். நம் வீட்டுச் சாம்பாருக்குத் தாளிப்பைத் தனியே செய்து கொட்டுவதில்லையா?

மாடலரிடம் எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. அதற்குள் நூறு ஆம்ப்ளிபயர்கள் இருக்கின்றன என்பதே அதன் சாபக்கேடு. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, ஒரு ஸ்கேல்கூட வாசிக்காமல் பெட்டியை மூடிய இரவுகள் எனக்கு உண்டு. இப்போது இரண்டே இரண்டு அமைப்புகளை வைத்துக்கொண்டு மற்றவற்றின் பக்கம் போவதில்லை. 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆண்களுக்கு நடுவே வாசித்துப் பெயர் பெற்ற கேரல் கே அம்மையார், தந்திகளின் மேல் ஒரு துண்டுத் துணியை வைத்து நாதத்தை அடக்கி, பிக் கொண்டு வாசிப்பாராம். என் வீட்டில் கிழிந்த கம்பளித் துண்டை வைத்து நானும் செய்து பார்த்தேன். மாடலரில் இரண்டு வாரம் தேடியும் அகப்படாத ஒலி ஐந்து நிமிடத்தில் வந்தது. மும்பையில் பிறந்து, பேஸ் வாசிக்கும் தந்தையிடமே பயின்று, ஏ.ஆர். ரஹ்மானின் மேடைகளிலும் வாசித்த மோகினி டேயைக் கேட்டவர்களுக்கும், ஒலியில் பெரும்பங்கு விரலுடையது என்பதில் ஐயம் இராது.

கருவிகள் விஷயத்தில் நம் ஊர் ஒன்றும் சாதாரணமானதன்று. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது இந்தப் பல்லாவரத்து மண்ணில்தான். இன்றும் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மின்சாதனங்களைக் குனிந்து குனிந்து தேடுவோர் எத்தனை பேர்! (மாடலரைச் சந்தையில் வாங்குவதானால், கையோடு ஹெட்ஃபோன் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.)

ஆகவே நம் பள்ளி நிர்வாகத்துக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் விழாவுக்கு ஒரு நாள் வாடகையில் பேஸ் ஆம்ப்ளிபயர் வருகிறது, மறுநாள் போய்விடுகிறது. அப்பணத்தைச் சேர்த்துவைத்து, சிறிய மாடலர் ஒன்றும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றும் இசை அறைக்கு வாங்கலாகாதா? மேடையில் அதை நேரே மண்டபத்து ஒலிபெருக்கியில் இணைத்துவிடலாம். மற்ற நாட்களில், நூலகத்துப் புத்தகம் போலப் பதிவேட்டில் எழுதி, பள்ளியின் கிடாரோடு சேர்த்து வெள்ளி மாலை வீட்டுக்குத் தந்து திங்கள் காலை திரும்பப் பெறலாம். ஒன்பதாம் வகுப்பில் ஒரு தங்கை இருக்கிறாள். சொந்தக் கிடார் இல்லை. மதிய உணவு இடைவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடம்தான் அவளுக்குப் பயிற்சி. அவள் விரல் என் விரலைவிடச் சுத்தம். அடுத்த ஆண்டு நான் இங்கிருக்கமாட்டேன். அந்த இடத்துக்கு அவள் வர வேண்டும்.

கொடுத்தனுப்பும்போது அடாப்டரையும் உறையில் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் யாராவது பார்த்துவிட வேண்டும். என்னுடையது இரண்டு முறை பள்ளியிலேயே தங்கிவிட்டது.