கைத்தொலைபேசிக்கு வரும் தூது

"இணையச் செயலி ஒன்றை எழுதியுள்ளேன். அதன் சேர்வரிலிருந்து ஒருவருடைய கைத்தொலைபேசிக்கு அறிவித்தல் அனுப்புவது எங்ஙனம்?" என்று மாணவர் ஒருவர் எமக்கு எழுதிக் கேட்டுள்ளார். சில மாதங்களுக்கு முன் எமது அயலில் நிகழ்ந்த ஒன்றை அறிந்த எமக்கு இது சிறு கேள்வியாகத் தோன்றவில்லை.

அயலிலுள்ள அம்மையார் ஒருவர் புதுத் தொலைபேசி வாங்கியதும் பழையதை மகனுக்குக் கொடுத்தார். கொடுக்குமுன், தாம் செல்லும் வைத்திய நிலையத்தின் செயலியிலிருந்து முறைப்படி வெளியேறியும் இருந்தார். சில நாட்களின் பின், வகுப்பிலே தோழர் புடைசூழ இருந்த பையனின் கையில் அது ஒலித்தது. தாயின் இரத்தப் பரிசோதனை முடிவு, நோயின் பெயருடன், திரையில் நின்றது. பரிசோதனைக்குச் சென்றதையே அவர் வீட்டில் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? சேர்வர் தொலைபேசியை நேரே அழைப்பதில்லை. ஐபோனுக்கு அப்பிள் நிறுவனமும், பெரும்பாலான அண்ட்ராய்ட் தொலைபேசிகளுக்குக் கூகிள் நிறுவனமும் தூது செல்கின்றன. அப்பிளின் சேவை 2009இல் தொடங்கிற்று. கூகிளினது 2010இல் தொடங்கி, 2016இல் 'பயர்பேஸ்' என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. ஒவ்வொரு செயலியும் தன் சேர்வருடன் தனித்தனி இணைப்பை ஓயாது வைத்திருந்தால் பற்றரி விரைவில் தீர்ந்துவிடும். அதனாலேயே எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக ஓர் இணைப்பைத் தூதர் பேணுகின்றனர்.

செயலிக்குத் தூதர் 'டோக்கன்' என்னும் நீண்ட குறியீடு ஒன்றை வழங்குவர். செயலி அதனைச் சேர்வரிடம் சேர்ப்பிக்கும். சேர்வர் அதனைப் பயனாளரின் பெயருக்கெதிரே பதிந்து வைக்கும். பின்னர் டோக்கனையும் செய்தியையும் தன் அடையாளச் சான்றுடன் தூதரிடம் ஒப்படைத்தலே நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியது. வழக்கமான செய்தி ஏறத்தாழ 4096 பைட்டுக்குள் அடங்கல் வேண்டும். யுனிக்கோட்டின் யூ.ரி.எப்.-8 முறையில் 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லே 15 பைட் கொள்ளும். ஆதலின் தமிழில் எழுதுவோர் சற்றுச் சிக்கனமாக இருத்தல் நன்று!

இனி, பிழைக்கு வருவோம். டோக்கன் மனிதரின் விலாசமன்று. ஒரு கருவியில் நிறுவப்பட்ட ஒரு செயலியின் விலாசம். அம்மையார் வெளியேறியபோது சேர்வர் அவர் பெயருக்கெதிரே இருந்த டோக்கனை நீக்கியிருத்தல் வேண்டும். நிரலில் அந்த ஒரு வரி விடுபட்டிருந்தது. தூதர்மீது குற்றமில்லை, விலாசம் எதுவோ அங்கே கொண்டு சென்றனர்.

வரியைச் சேர்த்தாற் போதுமா? எமது கருத்தில் போதாது. பூட்டிய திரையிலும் அறிவித்தல் தோன்றக்கூடும், அருகிலிருப்போர் படிப்பர். தூதரிடம் எஞ்சும் பதிவுகளும் உண்டு. அத்தகைய பதிவுகளை அரசாங்கங்கள் அப்பிளிடமும் கூகிளிடமும் கேட்டு வாங்குவதாக அமெரிக்க செனற்றர் றொன் வைடன் 2023 டிசம்பரில் வெளிப்படுத்தினார். ஆகவே "புதிய செய்தி உண்டு, செயலியைத் திறந்து பார்க்கவும்" என்ற அளவில் அறிவித்தலை நிறுத்தி, முடிவைச் சேர்வரிலேயே காத்தல் தகும்.

இன்னொன்று. தூதர் தரும் 'ஏற்றுக்கொண்டோம்' என்னும் விடை, 'சேர்த்துவிட்டோம்' என்பதன்று. தொலைபேசி அணைந்திருந்தால், காலவரை குறிக்காத செய்தியைக் கூகிளின் சேவை 28 நாள் வரை வைத்திருக்கும். மாலை 4 மணி வகுப்பைப் பற்றிய செய்தி மறுநாட் காலையில் வந்தென்ன பயன்? காலவரையைக் குறித்தே அனுப்புக. செயலி நீக்கப்பட்டுச் செத்துப்போன டோக்கனுக்கு அப்பிள் 410 என்றும் கூகிள் 404 என்றும் பிழை எண் தரும். கண்டவுடன் பதிவிலிருந்து அழித்துவிடுக.

அந்நிலையத்தார் நிரலைத் திருத்திவிட்டனர். பாரதூரமான முடிவாயின், இப்பொழுது தாதியொருவர் நோயாளரைத் தொலைபேசியில் அழைத்து, பேசுவது அவர்தாமா என்று கேட்டறிந்த பின்னரே சொல்கின்றார்.