மூடியும் மூடாத எடிட்டர்

சிலிம் ரிவரில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார்: "நிரல் எழுத விஎஸ் கோட் பயன்படுத்துகிறேன். சில நாள்களாக அதை மூடினால் சாளரம் மறைகிறது. மறுபடி திறந்தால் திறப்பதில்லை. மடிக்கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் வருகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும்படி கடையில் சொல்கிறார்கள். அடுத்த வாரம் பிராஜெக்ட் ஒப்படைக்க வேண்டும். என்ன செய்யலாம்?"

தம்பி, முதலில் எதையும் அழிக்காதீர்கள்.

விஎஸ் கோட் பார்வைக்கு ஒரே மென்பொருள். உள்ளே சாளரத்துக்கு ஒன்று, எக்ஸ்டென்ஷன்களுக்கு ஒன்று, டெர்மினலுக்கு ஒன்று எனப் பல செயல்கள் தனித்தனியே ஓடுகின்றன. சாளரம் மறைந்த பிறகும் முதன்மைச் செயல் நின்றுபோகாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம். நீங்கள் மறுபடி திறக்கும்போது, புதிதாக வருவது "ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்" என்று அவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். அவரோ அசைவதில்லை. அதனால்தான் எதுவும் திறப்பதில்லை.

கணினியை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். பிறகு திறந்து பாருங்கள்.

இது தற்காலிகத் தீர்வுதான். தொங்கவிடுவது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். டெர்மினலில் சர்வர் ஏதும் ஓடினால், மூடுவதற்கு முன் கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். அப்படியும் தொங்கினால் எக்ஸ்டென்ஷன்களைச் சந்தேகியுங்கள். பாதியை முடக்கிவிட்டு மூடிப் பாருங்கள். சரியாக மூடினால் குற்றவாளி முடக்கிய பாதியில் இருக்கிறது, இல்லையென்றால் மறுபாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கே சுற்றில் பிடித்துவிடலாம். கமாண்ட் பேலட்டில் உள்ள 'ஹெல்ப்: ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' இதே வேலையைச் செய்கிறது.

சரி, ஏன் அழிக்கக்கூடாது? நீங்கள் தட்டச்சு செய்து சேமிக்காமல் விட்டதையும் விஎஸ் கோட் தனியாக எடுத்து வைக்கிறது. விண்டோஸில் உங்கள் பயனர் கணக்கின் 'ஆப்டேட்டா', 'ரோமிங்', 'கோட்' என்று உள்ளே போனால் 'பேக்கப்ஸ்' என்ற கோப்புறை இருக்கும். 'கோட்' கோப்புறையையே அழித்தால் அதுவும் போய்விடும். மென்பொருளை மட்டும் நீக்கிப் புதிதாக நிறுவினாலோ, எக்ஸ்டென்ஷன்களும் அமைப்புகளும் அப்படியே இருக்கும். கோளாறும் கூடவே திரும்பி வரலாம்.

ஆகவே இன்றே பிராஜெக்ட் கோப்புறையையும் இந்தப் 'பேக்கப்ஸ்' கோப்புறையையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். ஃபைல் மெனுவில் 'ஆட்டோ சேவ்' போட்டுவையுங்கள். ஒப்படைக்கும் நாள்வரை புதிய எக்ஸ்டென்ஷன் எதையும் சேர்க்க வேண்டாம். கோளாறை அடுத்த வாரமும் பார்த்துக்கொள்ளலாம். எழுதியது போனால் திரும்பாது.