இழுப்பது வேறு, நிற்பது வேறு



காலையில் பந்தல்குடி கடைவீதிக்கு வந்து சரக்கு ஏற்றிச் செல்லும் சிறு வண்டியை, எந்த மாடலாக இருந்தாலும் நாம் 'டி.வி.எஸ். 50' என்றே சொல்கிறோம். 1980-இல் ஓசூரில் தொடங்கிய அந்த 50 சி.சி. மொபெட்டின் வழியில், 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் 99.7 சி.சி. எக்ஸ்.எல். 100 வந்தது. சிறு வியாபாரியின் கையும் காலும் அதுதான் என்றால் மிகையல்ல.

வண்டி வாங்கும்போது நாம் கேட்பது விலையும் மைலேஜும் மட்டுமே. விவரப் புத்தகத்தில் அவசியம் பார்க்க வேண்டிய கணக்குகள் வேறு மூன்று உண்டு.

முதலாவது இழுவை. ஸ்பிளெண்டர் பைக்கின் 97.2 சி.சி. எஞ்சின் சுமார் 8 குதிரை சக்தி தருகிறது. எக்ஸ்.எல். 100 தருவது நாலேகால் சொச்சம். ஆனால் இதன் முழு இழுவிசையான 6.5 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 3,500 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஸ்பிளெண்டரின் 8.05 கிடைக்க 6,000 சுற்று வேண்டும். கியர் மாற்றாமல் ஓடும் வண்டி சுமையோடு மெதுவாகக் கிளம்புவது இதனால்தான்.

இரண்டாவது தாங்கும் எடை. வண்டியின் சொந்த எடை சுமார் 89 கிலோ. ஏற்றத்தக்கது 130 கிலோ. இதில் ஓட்டுபவரும் அடக்கம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆள் 65 கிலோ என்றால் மீதி 65. ஒரு சீனி மூட்டை 50, ஓர் எண்ணெய் டின் 15. அத்துடன் கணக்கு முடிந்தது. நடப்பில் என்ன ஏறுகிறது? சீனி மூட்டை ஒன்று, 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு, டின் இரண்டு. ஆளோடு சேர்த்து 195 கிலோ!

"இத்தனை நாளாக இழுக்கத்தானே செய்கிறது?" என்பார்கள். இழுக்கும், நிற்குமா? அதுதான் மூன்றாவது கணக்கு. இதன் பிரேக் இரண்டும் சிறிய டிரம் பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயம், நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் கூடுதல் பாரத்துக்கு அது பொறுப்பேற்காது. பின்பாரம் மிஞ்சினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். வேகம் இரட்டிப்பானால் நிறுத்தத் தேவையான தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். மழை பெய்த கரிசல் பாதையிலும், லாரிகள் விரையும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைக் கடக்கும் இடத்திலும் இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

ஒரே நடையில் முடித்தால் லாபம் என்கிறோம். ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு இன்னொரு நடை போய்வர, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றாலும் செலவாவது 200 மில்லி பெட்ரோல். ஏறக்குறைய இருபது ரூபாய். அதற்காகக் கடைத் தம்பியின் கால் ஒடியலாமா? அவன் வீட்டாருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

ஆகவே நமது கருத்து இது: மொத்தக் கடைக்காரர்கள் 130 கிலோ கணக்கை ஏற்றுமிடத்தில் எழுதி மாட்டட்டும். மீறி ஏற்றச் சொன்னால் மறுக்கட்டும். வாடிக்கை போய்விடும் என்ற பயம் வேண்டாம்; எல்லோரும் மறுத்தால் எந்த வாடிக்கையும் போகாது. கிராம் குறையாமல் சரக்கை நிறுத்துத் தரும் நாம், அதைச் சுமக்கும் வண்டியின் பாரத்தையும் கணக்குப் பார்ப்போம்.